பிராடு, ஜானிஸ் பேசுகிறேன்

ஹம்பர் ஆற்றுக் காற்று
பல்லிடுக்கில் உப்பு வைத்துவிட்டுப் போகும்
ஹல் நகரத்தில், ஒரு ஜனவரி இரவு.
மூன்றாம் மாடி, ஏழாம் மேசை,
வங்கியின் மோசடிப் பிரிவு.
மணி அடித்தால் அவள் சொல்ல வேண்டியது:
"பிராடு, ஜானிஸ் பேசுகிறேன்."
பதினொரு வருடமாக, நாளைக்கு அறுபது தடவை,
தன் பெயருக்கு முன்னால் அதை
இனிஷியல் மாதிரி போட்டுக்கொள்கிறாள்.

நம் வாயில் அது எப்போதும் அடுத்தவன்தான்.
சீட்டுப் பணத்தோடு ஓடியவன், சரியான பிராடு.
பழைய பேட்டரியைப் புதுசென்று விற்றவன்,
பிராடுப் பயல்.
அல்வா, நாமம், மொட்டை, காதுகுத்து என்று
ஒரு விசேஷ வீட்டுக்கு வேண்டிய அத்தனையையும்
ஏமாற்றுக்குப் பெயராக வைத்துவிட்டோம்.
விசேஷம் மட்டும் எப்போதும் பக்கத்து வீட்டில்.

அந்த ஊரிலோ
அதை எடுத்துத் தன்மேலேயே போர்த்திக்கொள்கிறார்கள்,
மழைக்கோட்டு மாதிரி, சும்மா, பழக்கத்தில்.
ஜானிஸின் தம்பி கிளைவ்
ஆஸ்பத்திரி வராந்தாவில், தள்ளுபடுக்கையில்
நெஞ்சைப் பிடித்தபடி நாலு மணி நேரம் கிடந்துவிட்டு
நர்ஸிடம் சொன்னான்:
"வலி நின்றுபோச்சு. இப்போ பெரிய பிராடு மாதிரி இருக்கு எனக்கு.
நிஜமா முடியாதவங்க யாருக்காவது இடத்தைக் கொடுங்க."
ஷூ கயிறுகூடக் கட்டாமல் பஸ் ஏறினான்.

அவன் கோட்டு இன்னும் இவள் வீட்டு ஆணியில்.
பையில் அந்த டிக்கெட், ஒருவழி.

ஒன்பது நாற்பதுக்கு வந்த அழைப்பு
ரெஜ் ஸ்கெல்டன், எழுபத்தொரு வயது,
மீன்சந்தை லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர்.
பதினெட்டாயிரத்து நானூறு பவுண்டு.
எட்டு தவணை.
"நீங்களே அனுப்பினீர்களா,
உங்கள் பெயரில் வேறு யாராவது அனுப்பினார்களா?"
(முதல் கட்டமா இரண்டாம் கட்டமா என்று தெரிந்தால்தான்
அடுத்த பக்கம் திறக்கும்.)
"நானேதான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
எட்டு தடவையும் நானேதான்."

கரோலா என்று பெயராம்.
வடகடல் எண்ணெய் மேடையில் சமையலறை மேற்பார்வையாம்.
ஒரு தடவை பல்வலி, ஒரு தடவை ஹெலிகாப்டர் கட்டணம்.
"அந்தப் பெண் பிராடு, மிஸ்டர் ஸ்கெல்டன்.
அப்படி ஒரு பெண்ணே இருக்க மாட்டாள்.
மூன்று பையன்கள் முறை வைத்து எழுதியிருப்பார்கள்."
எதிர்முனையில் கெட்டில் கொதித்து
தானாக அணையும் சத்தம்.

"அப்படியென்றால்," என்றார்,
"அவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்.
நான் ஐம்பத்தெட்டு என்று சொல்லியிருந்தேன்.
அனுப்பிய படம் என் மச்சானுடையது.
நடனம் ஆடுவேன் என்றேன், முட்டி இரும்பு.
இதை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்?"

இந்த அழைப்பு தரக் கட்டுப்பாட்டுக்காகப்
பதிவு செய்யப்படுகிறது.
ஜானிஸ் சிரித்துவிட்டாள். அதுவும் பதிவானது.
பிறகு ஏனோ கிளைவின் ஷூ கயிறு ஞாபகம் வந்து
மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.
"நீங்கள் பிராடு இல்லை" என்றாள்,
கையேட்டில் இல்லாத வாக்கியம்.
"என்ன வலித்தாலும் யாரிடமும் அப்படிச் சொல்லாதீர்கள்."
அவருக்கு அது புரியவில்லை.
பணம் வருமா என்றும் அவர் கேட்கவில்லை.

கடைசியில் ஒரு பெட்டி:
வாடிக்கையாளர் இழந்தது, அவர் சொற்களில்.
இருநூற்றைம்பது எழுத்து இடம்.
அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்,
இவள் தட்டினாள்:

ராத்திரி என்ன சாப்பிட்டேன் என்று கேட்பாள்.
டின் பீன்ஸ் என்றால் திட்டுவாள்.

இடம் நிறைய மிச்சமிருந்தது.
இருவரும் கொஞ்ச நேரம்
அதை அப்படியே விட்டு வைத்திருந்தார்கள்.