இன்னும் நாலு

குருநகர் ஐஸ் பக்டரியில் எனக்கு இரவு வேலை.
கொம்பிரசரின் வயிற்றில் அறைந்த பித்தளைத் தகட்டில்
ஒருவரும் வாசிக்காத இலக்கம்:
1022117.

முதல் கிழமை சும்மா பார்த்தேன்.
இரண்டாம் கிழமை மூன்றால் வகுத்தேன். மீதி இரண்டு.
ஏழால் வகுக்க ஐந்து. பதின்மூன்றாலும் அதே ஐந்து.
பதினொன்று எட்டைக் கீழே வைத்துவிட்டுப் போனது.
ஐஸ் பில்லின் பின்புறமெல்லாம் கணக்கு,
ஈரத்தில் ஊறி
ஏழும் ஒன்றும் ஒன்றாகிவிட்ட கணக்கு.

பள்ளிக்கூடத்தில் முதன்மை எண் என்று படித்தது.
என் வாயில் நிற்பது பகா எண்:
பங்கு கேட்டால்
முகத்தைத் திருப்பிக்கொள்ளும் எண்.

"உனக்கு விசர். அது மிசினிட நம்பர்.
மிசின் ஓடினாச் சரி" என்றான் மரியநேசன்.
கறண்ட் நின்ற இரவுகளில்
ஏசி ஏசி டோர்ச் பிடித்ததும் அவன்தான்.

நூற்றொன்று மூன்று குறைய வந்து நின்றது.
முந்நூற்று முப்பத்தேழு நாலு குறைய.
அந்த நாலை நான் கவனித்திருக்க வேண்டும்.

மார்கழியில் தொடங்கி வைகாசி வரை
நூற்றறுபத்தெட்டுப் பேர் வந்து தோற்றார்கள்.
கடைசி ஆள் 997. மீதி 192.
கொப்பியில் ஆயிரம் வரைதான் எழுதிவைத்திருந்தேன்.
வர்க்கமூலம் ஆயிரத்துச் சொச்சம்.
சொச்சத்துக்குள் என்ன இருக்கப்போகிறது?
தகட்டின் கீழே சோக்கால் எழுதினேன்: பகா எண்.
மரியநேசன் இரண்டு ரோல்ஸ் வாங்கித் தந்தான்.

விடிய நாலரைக்கு நண்டு யாவாரி யசிந்தா.
பத்துக் கட்டி கேட்டாலும் நூறு கேட்டாலும்
காசைக் கொடுத்தபிறகு ஒரு சொல் வைத்திருப்பாள்:
"இஞ்ச, இன்னும் நாலு போடும்."

போட்டேன்.
கை அதோடு நிற்காமல்
தகட்டு இலக்கத்திலும் நாலைப் போட்டது.
1022121.

பார்த்தவுடன் தெரிந்தது. சதுரம்.
ஆயிரத்துப் பதினொரு வரிசை,
வரிசைக்கு ஆயிரத்துப் பதினொரு கட்டி,
ஒரு மூலையில் இரண்டுக்கு இரண்டாய்
யசிந்தா தூக்கிப்போன இடம் மட்டும் வெறுமை.
இரண்டைக் கூட்டு, இரண்டைக் கழி:
1013. 1009.
பெருக்கினேன். மீதியே இல்லை.

அந்த இரண்டும் பகாதவை.
முப்பத்தொன்று வரை தட்டிப் பார்த்தால் போதும்,
தேத்தண்ணி ஆறமுன்னமே முடிந்தது.

997க்கு அடுத்த வீடு 1009.
ஐந்து மாதம் ஒழுங்கை முழுக்கக் கதவு தட்டி
அந்த ஒரு படலையில்தான் திரும்பியிருக்கிறேன்.

ஈரக் கையால் சோக்கை அழித்தேன்.
யசிந்தாவின் ஓட்டோ
பாசையூர்ப் பக்கம் சொட்டிக்கொண்டே போனது.
ஒரே குரலில் இரைந்த கொம்பிரசரில்
இப்போது இரண்டு குரல் கேட்கிறது,
நடுவில் நாலே நாலு இடைவெளி.

மரியநேசனுக்கு இன்னும் சொல்லவில்லை.
ரோல்ஸ் தின்று முடிந்துவிட்டது.