விலக்கு வருமானம்

காரைக்குடி, செக்காலை ரோடு.
ஆடிட்டர் மாடிப்படியில்
ஜூலை கடைசி வாரத்துக் கூட்டம்.
எங்கள் முறை வர மணி ஏழரை.

செல்வமகள் கணக்கில் பாதி எடுத்தோம்,
உமையாளின் காலேஜ் ஃபீஸுக்கு, என்றேன்.
"வரி கிடையாது டீச்சர்.
ஆனாலும் காட்டிடுவோம்.
விலக்கு வருமானம்னு ஒரு கட்டம் இருக்கு."

வருமானமா?
அஞ்சாம் தேதிக்குள் கட்டாவிட்டால்
அந்த மாத வட்டி போச்சு என்று
சத்துணவு அமைப்பாளரிடம்
கைமாற்று வாங்கிய இரண்டாயிரம் அதில் உண்டு.
புதுவயல் பஸ்ஸில் நின்றபடி
இந்த மாசம் ஐந்நூறு போதுமா என்று
விரல் விட்டு எண்ணியதும் உண்டு.
கட்டத்தில் ஒரே ஒரு தொகைக்குத்தான் இடம்.

ஆடிட்டர் பழைய ரிட்டர்ன்களைத் தள்ளிக்கொண்டே போனார்.
"எண்பது சி கழிவு உங்க பேர்ல இல்லையே.
சார் பேர்ல இருக்கு.
பத்து வருஷமா."

என்னவர் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார்.
அது ஓடவில்லை.

போஸ்டாபீஸ் சீட்டுகள் என் மடியில்.
ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து,
சிலதில் சாம்பார் கறை.
ஒன்றை எடுத்து
மேஜையில் வைத்தேன், பிறகு இன்னொன்று.
யாரும் எதுவும் கேட்கவில்லை.

"பொண்ணுக்குப் பதினெட்டாச்சுல்ல?
அவ பேர்லயே ஒரு ரிட்டர்ன் போட்டு வைப்போம்,
ஸ்காலர்ஷிப்புக்கு ஆகும்.
ஓடிபி அவளுக்குத்தான் போகும்."

ஹாஸ்டலிலிருந்து கூப்பிட்டாள்.
"நம்பர் வந்திருக்கு. எதுக்கு ஆத்தா இது?"

நீ சம்பாதித்ததாம், என்றேன்.
சிரித்தாள்.
எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள்,
நான் திருப்பிச் சொன்னேன்,
அவர் பேனா தேடினார்.