பெயருக்கு முன் ஓர் இடைவெளி

சிகப்பி ஆட்டோவில் கொண்டுவந்தார்,
மடியில் துண்டு சுற்றிய மேக்.
பிளாஸ்டிக் மோர்க்குழம்பு நிறத்துக்கு வந்திருந்தது.
சுவிட்சைப் போட்டேன். மணி ஒன்று அடித்தது.
பிறகு சாம்பல் திரை நடுவே
ஃபிளாப்பி படம், வயிற்றில் கேள்விக்குறி,
விட்டு விட்டு.
"என்ன கேக்குது?"
"எங்க ஆரம்பிக்கிறதுன்னு."
"நீங்க பதில் சொல்லுங்க" என்று
ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

குறுந்தட்டிலிருந்து எழுப்பி உள்ளே போனால்
ஒரே வட்டில் இரண்டு சிஸ்டம் ஃபோல்டர்.
ஒன்று இவர் அப்பச்சி தண்ணீர்மலை
முத்துப்பட்டணத்து அச்சகத்தில் வைத்திருந்தது.
இன்னொன்று எவனோ மதுரைக்காரன்
'புதுசு' என்று பெயரிட்டு இறக்கிவிட்டுப் போனது.
கல்யாணமான மகனை வேறு வைத்தால்
அதே வளவில் இன்னோர் அடுப்பு;
காரைக்குடியில் யாரும் இதற்குக் குழம்பியதில்லை.
பெட்டிக்கு அந்தப் பக்குவம் கிடையாது.
எதைப் பற்றவைப்பது என்று தெரியாமல்
இரண்டையும் ஆறவிட்டு நிற்கிறது.

புதுசிலிருந்து ஃபைண்டரைப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன்.
பழையதைத் திறந்தேன், மூடினேன்.
சடங்கு அவ்வளவுதான்.
அதன் நெற்றியில் சின்னதாக ஒரு மேக் முகம் விழுந்தது,
திருநீறு மாதிரி.

மறுபடி போட்டேன். சிரித்தது.
கீழே குட்டிப் படங்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தன,
உட்கார்ந்ததும் உறைந்தது.
ஷிப்டை அழுத்திப் பிடித்தால் மட்டும் எழுகிறது.
ஆக, நாற்பத்திரண்டு எக்ஸ்டென்ஷனில் ஒன்று.
பாதியை வெளியே வைத்தேன்.
பாதியில் பாதி.
நடுவில் கரண்ட் போய் வந்தது,
சிகப்பி ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.
கடைசியில் அகப்பட்டது:
தமிழ் விசைப்பலகை.

அது இல்லாமல் பெட்டி ஜோராக ஓடுகிறது.
ஆனால் கோப்பு முழுக்க
டாலரும் அரைப்புள்ளியும்.

இவை எழுவது ஆங்கில அகரவரிசையில்.
டி எழுத்துக்காரன் பந்திக்குக் கடைசியில் வந்து
பிரிண்டர்காரன் இலையில் கைவைக்கிறான்.
பெயருக்கு முன்னால் ஒரே ஓர் இடைவெளி தட்டினேன்.
இப்போது அவன்தான் முதல் ஆள்.

சிட்டை திறந்தது. வைகாசி, தொண்ணூற்றேழு.
எவர்சில்வர் தூக்கு ஐம்பத்தொன்று
எனாமல் அடுக்கு ஏழு
வெள்ளிக் குத்துவிளக்கு இரண்டு
பித்தளை அண்டா நான்கு
"மூணுதான். அப்பச்சி தப்பா அடிச்சிருக்காக."
"யாருக்குத் தெரியப்போகுது?"
"நாளன்னிக்கு தேவகோட்டைக் கோர்ட்டு.
மூணுன்னு போடுங்க."
போட்டேன். மூன்று என்று
அழகாக விழுந்தது.

பிரிண்ட் கொடுத்தால் ஓடவில்லை,
இலை இழந்தவனின் கோபம்.
சிகப்பி பையிலிருந்து நோட்டை எடுத்தார்.
இருநூற்றுப் பதினெட்டு வரி.
நாற்பதாவதில் இருக்கிறார்.
நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
திரை அணையாமலிருக்க
அவ்வப்போது மவுஸை அசைக்கிறேன்.