ஆறாவது பாட்டு

இந்தப் படத்தில் யாரும் சும்மா குத்துவதில்லை.
முதலில் பாடுகிறார்கள்.
கத்தியைத் துடைத்தபடி ஒரு பல்லவி,
காலரைப் பிடித்தபடி ஒரு சரணம்,
பிறகுதான் ரத்தம்.
அதுவும் எங்கள் ஆலையில் டிரம்முக்குள் இறங்கும்
பெங்களூரா மாம்பழக் கூழ் மாதிரி
கெட்டியாக, அவசரமில்லாமல்.

கிருஷ்ணகிரியில் ஜூன் மாதத்து இரண்டாம் ஆட்டம்.
மூன்று ஃபேனில் ஒன்று சுற்றுகிறது.
ஆறு மணிக்கு எனக்கு ஷிஃப்ட்.
பையில் டிபன் டப்பா, வலைத்தொப்பி,
கொட்டை சீவும் வளைகத்தி.
வாசலில் பையைத் திறந்து பார்த்த பையன்
தண்ணீர் பாட்டிலை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டான்.

முன் வரிசையில் திம்மராயன்.
பின்னங்கழுத்தில் மருந்து கருக்கிய தழும்பு.
பத்தொன்பது வருஷத்தில் முடிதான் போயிருக்கிறது,
தழும்பு அப்படியே.
ஜெகதேவிப் பக்கம் குவாரியில் மேஸ்திரி.
கல் சரிந்து அடியில் என் அண்ணன் கிடந்த மதியம்
மஸ்டர் புத்தகத்தில் அவன் பெயருக்கு நேரே
‘வரவில்லை’ என்று எழுதியவர்.

வேலைக்கு வராதவன் வேலையில் எப்படிச் சாவான்?
ஆபீஸில் அப்படித்தான் கேட்டார்கள்.
அவன் சட்டைப்பையில் இருந்த பஸ் டிக்கெட்டைக் காட்டினேன்.
டிக்கெட்டில் பெயர் இல்லையே என்றார்கள்.

படத்தில் அவன் கல்யாண ஊர்வலத்துக்கு
கிளாரினெட் ஊதுகிறவன்.
யார் யார் குடும்பத்தை எரித்தார்களோ
அவரவர் செய்ததை அவரவருக்கே
பாடிக் காட்டிவிட்டுத்தான் கொல்கிறான்.
எனக்குப் பிடித்திருந்தது.
கொலை இல்லை.
நின்று கேட்கிறார்கள் பாருங்கள், அது.
ஒருவன்கூட நடுவில்
‘நாளைக்கு வா’ என்று சொல்லவில்லை.

ஆறாவது பாட்டில் திம்மராயன் திரும்பினார்.
“ஏம்மா, என்னா பாடுறான்?
வெடி வெச்சி வெச்சி காது போயிருச்சி.
அதிருது. வார்த்த புரியல.”

குனிந்தேன்.
அவர் காதுக்கும் என் வாய்க்கும் நாலு விரல்.
பீடி வாசம், தேங்காயெண்ணெய்.
மடியில் பை, பைக்குள் கை.
பிடியில் சுற்றிய துணியில்
நேற்றைய மாம்பால் இன்னும் பிசுபிசுத்தது.

பாடத் தெரியாது எனக்கு. சொன்னேன்.
முனிரத்தினம் என்றேன்.
தேதி சொன்னேன். புதன்கிழமை என்றேன்.
கல் எட்டடி நீளம், நாலடி கனம்.
உன் பேனாவில் ஊதா மை.
ஒற்றைச் செருப்பு மேலேயே கிடந்தது,
அதைக் காலால் தள்ளிக் குழியில் போட்டவன் நீ.
நான் மூச்சு வாங்கின இடத்தில் மட்டும்
கிளாரினெட் ஊதியது,
யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி.

திரையைப் பார்த்தபடியே,
“அப்புறம்?” என்றார்.

அப்புறம் இல்லை, அவ்வளவுதான் பாட்டு.

கத்தி இறங்கியது. விசில். காகிதம் பறந்தது.
“பெரிய பாட்டா இருந்துச்சே,” என்றார்,
“நீ கொஞ்சூண்டு சொல்ற.”

அதற்கப்புறம் திரும்பவில்லை.
ஏழாவது பாட்டில் யாரைக் கொன்றான்
என்று எனக்குத் தெரியாது.
நான் பார்த்துக்கொண்டிருந்தது
வலது காதின் மேல் மெல்ல ஏறிய அவர் கையை.
நான் சொன்னது இடது காதில்.
எந்தக் காது போயிற்றென்று
அவர் சொல்லவே இல்லை.
விளக்கு போட்டபோது இருக்கையில்
பிரிக்காத முறுக்குப் பொட்டலம்.

பையிலிருந்து கையை எடுத்தேன்.
விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

காலையில் கன்வேயர் ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில்
மெட்டு வந்துவிட்டது, கேட்காமலே.
எட்டடி நீளம், சீவு.
நாலடி கனம், சீவு.
எதிர் மேசையில் நாகவேணி தலையை நிமிர்த்தி,
“என்ன படத்துப் பாட்டுடி?
மிஷின் சத்தத்துல வார்த்தையே புரியல,” என்றாள்.

இன்னும் சத்தமாகச் சொன்னேன்.