அளவுகோல் இல்லாத படம்

பாசிர் ரிஸ்ஸில் ஆறு இருபத்தைந்து.
கோடி நிலையத்தில் ஏறுகிறவளுக்கு உள்ள ஒரே சலுகை
உட்கார இடம்.
ஜன்னலோரம் என்று ஒன்று இந்த ரயிலில் கிடையாது.
எல்லாரும் எல்லாருக்கும் எதிரே அமர்ந்து
பார்க்காத மாதிரி இருக்க வேண்டும்.

நான் பார்க்கிறேன்.

மடியில் வெப்ப இயக்கவியல் குறிப்புகள்.
முன்பக்கம் இரண்டாம் விதி,
பின்பக்கம் வெள்ளை.
தெம்பனிஸில் ஏறுவார்
ரொட்டித் தொழிற்சாலை இரவுப் பணிக்காரர்,
மணிக்கட்டு ரோமத்தில் மாவு.
பிடோக் வருமுன் தாடை தளர்ந்துவிடும்.
அந்தத் தளர்வை நான்கே கோட்டில் பிடிக்க
ஆகஸ்ட்டிலிருந்து முயல்கிறேன்.
யூனோஸ் வளைவில் பெட்டி குலுங்க
பென்சிலும் குலுங்கும்.
அழிப்பதில்லை,
தண்டவாளமும் ஒரு கையெழுத்துப் போட்டுக்கொள்ளட்டும்.
பாய லேபாரில் திடுக்கிட்டு எழுந்து
கதவு மூடுமுன் பாய்ந்து இறங்குவார்.
பாதி முகத்தோடு நிற்பேன் நான்.

லவெண்டருக்கு முன்னால் நிலத்துக்குள் போவோம் இருட்டோடு.
ரெட்ஹில்லில் மேலே வந்தால் பகல்.
தினமும் எனக்கு
பூமிக்கடியில்தான் விடிகிறது.

பூன் லேயில் 179க்கு வரிசை.
எட்டரை வகுப்பில் பேராசிரியர் சொல்கிறார்:
உராய்வைப் புறக்கணிப்போம்,
கசிவு இல்லை என்று கொள்வோம்.
எவ்வளவு நிம்மதியான உலகம்!
அங்கே பேருந்தில் எப்போதும் இடமிருக்கும்,
செவ்வாய்ப் பூப்பந்தும் செவ்வாய் ஆய்வகமும்
மோதிக்கொள்ளாது,
"சாப்டியா?" என்ற அம்மாவின் செய்திக்கு
ஆறு மணிநேரம் கழித்து
கட்டைவிரல் மட்டும் போகாது.

இடைவேளை வாரத்தில் ஈப்போ போனோம்,
நான், ஃபர்ஹானா, ஜியா ஹுய்,
ஜியா ஹுய்யின் பிரியாத மடிக்கணினி.
இரவுப் பேருந்தில் ஓட்டுநரின் பிடரியை வரைந்தேன்,
நன்றாக வந்தது.
காலையில் கோப்பிக் கடை எதிரே
சுண்ணாம்பு மலை.
மலை அசையவே இல்லை.
என் கைதான் தடுமாறியது,
குலுக்கல் இல்லாத இடத்தில்
கோடு போடத் தெரியாமல்.
அதற்குள் ஃபர்ஹானா கத்தினாள்:
இன்றிரவுக்குள் அனுப்ப வேண்டிய பம்பு கணக்கில்
ஒரு பூஜ்யம் அதிகம்!
கடைக்காரரிடம் வைஃபை கெஞ்சி
மூன்று தே தாரே குடித்து
பூஜ்யத்தை நீக்கினோம்.
மலையைப் படமெடுக்கக்கூட மறந்துவிட்டோம்.

போன வாரம் ஆய்வறிக்கை திரும்பி வந்தது.
இருபதுக்குப் பதினேழு.
திருப்பினால், ஐயோ,
தூங்குகிறார் ரொட்டிக்காரர்!
அவசரத்தில் அந்தத் தாளையே கொடுத்திருக்கிறேன்.
அருகே சிவப்பு மையில்:
"அளவுகோல் குறிக்கப்படவில்லை."
கேலியா கண்டிப்பா தெரியவில்லை.
திருத்திய ஹாவ் யாங் சிரித்து
யாரும் பார்த்ததில்லை.

நேற்று ரொட்டிக்காரர் தூங்கவில்லை.
கைப்பேசியில் யாரோடோ மெதுவாகச் சிரித்தபடி வந்தார்.
கெம்பாங்கானில்
சாவகாசமாக எழுந்து
பையைத் தோளில் மாட்டி
இறங்கிப் போனார்.

கெம்பாங்கானில்.

பாய லேபாரில் வேறு ரயிலுக்கு ஓடுகிறார் என்றல்லவா
இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.
வீட்டைத் தாண்டிப் போன ஒருவரை
தாடை தாடையாகத் திருத்திக்கொண்டு
எதிரேயே உட்கார்ந்திருக்கிறேன்.

சிவப்பு மைக்குக் கீழே சின்னதாக எழுதினேன்:
ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டு நிலையங்கள்.

நாளை அவர் மறுபடி தூங்கினால்
கெம்பாங்கானில் கொஞ்சம் பலமாக இருமலாம்.
இரும வேண்டும்.
ஆனால் இடது காது
இன்னும் சரியாக வரவில்லை.