நாலாம் தரம்

குலசேகரம் புகைப்புரையில்
ரப்பர் ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக்
குமிழ் தேடுவதுபோலவே
டம்ளரைத் தூக்கிப் பார்த்தார் டென்னிசன்.

கப்பலிலிருந்து இறங்கிய
குளச்சல் பிளசிங் கொண்டுவந்த ஸ்காட்ச்.
"மண்ணை எரிச்ச புகையாக்கும்.
பன்னிரண்டு வருஷம் பீப்பாயில கெடந்தது."

மூக்கருகே கொண்டுபோனார்.
டிங்சர் அயோடின்.
உப்பில் ஊறிய வடக்கயிறு.
ஈரவிறகு எரியாமல் முனகும் மூணாம் நாள்.

ஒரு மிடறு.
தராசு முள் நிற்கக் காத்திருப்பவர்போல
வாயை மூடி இருந்தார்.
காரம் இறங்கிப்போன பிறகு
சுட்ட அயனிக்கொட்டையின்
சின்ன இனிப்பு.

"புகை கூடிப்போச்சு மக்கா.
நம்ம புரையில இது நாலாம் தரம்.
ஏலத்துல எவனும் எடுக்கமாட்டான்."

சொல்லிவிட்டு டம்ளரை நீட்டினார்,
தண்ணீர் ஊற்ற வந்த பிளசிங்கின் கையை
மறு கையால் தடுத்தபடி.