ஆறாங்கட்டை

நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவை வரை
வேனின் கூரையில் லேசர்,
முன்கண்ணாடியில் இரண்டு கமரா,
அச்சுக்குப் பக்கத்தில்
குலுங்குவதை மட்டும் எழுதும் ஒரு சின்னப் பெட்டி.

இரவு, ஹட்டன் விடுதியறையில்
மூன்றையும் ஒரே நொடியில் நிறுத்திப் பார்க்கிறேன்.
லேசர் பாதி நேரம் மூடுபனியை அளந்திருக்கிறது.
பனியைத் தார் என்று நம்பிய புள்ளிகளைத்
துடைத்துத் துடைத்துக் கண் எரிகிறது.

ஆறாங்கட்டையில் சாட்சிகள் பிணங்குகின்றன.
லேசர்: போன கதிர் திரும்பி வரவில்லை.
கமரா: அங்கே வானம், ஒரு மின்கம்பி,
கம்பியில் தலைகீழாக ஒரு காகம்.
பெட்டி: விழுந்தேன்.

மழைத்தண்ணீர்.

விழுந்த கணத்தை இருமுறை கூட்டி
ஆழம் எடுத்தேன்:
இருபத்தாறு சென்டிமீட்டர்.

"கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்,"
கொத்து ரொட்டியை வாயில் வைத்தபடி
சாரதி ஜெயபாலசிங்கம்.
"தெரிஞ்சே ஏன் எறக்குனீங்க?"
"இருபதுல, நேரா, ஒதுங்காம ஓட்டச் சொன்னது
நீங்கதானே மிஸ்."

மாதிரி திரையில் எழுந்தது.
சுற்றித் திருப்பலாம், அடியிலிருந்தும் பார்க்கலாம்,
மலையைக் கழற்றி வைத்துவிட்ட
வெறும் ரோடு.
ரோடு அல்லாததை மென்பொருள் நீக்கியிருந்தது:
கொழுந்துச் சாக்கோடு கானோரம் ஒதுங்கிய நாலு பேர்,
ஒரு நாய்,
'தாவரம்' என்று பெயரிட்ட ஏதோ ஒன்று.

அந்தத் தாவரத்தை மீட்டுப் பார்த்தேன்.
குழியின் விளிம்பில் யாரோ குத்திவைத்த
கவ்வாத்துக் கம்பு. நுனியில்
உரப்பைக் கிழிசல்.

அறிக்கையில் இதற்குக் கட்டம் இல்லை.
குறிப்பு என்ற இடத்தில் தட்டினேன்:
கம்பு ஒன்று. உயரம் எண்பது.
நாங்கள் வரும்போதே இருந்தது.